மேனேஜருக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பது? பே ஸ்லிப்பை ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள்

வந்திருப்பவர் நன்றாகப் பேசுகிறார், மெஷின் ஷாப்பைச் சுற்றிக் காட்டினால் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்கிறார், முதலாளிக்கும் பிடித்துப்போய்விட்டது. அடுத்த நிமிடமே, "கடைசி மூணு மாச பே ஸ்லிப் கொண்டு வந்திருக்கீங்களா?" அதில் 55,000 என்று இருந்தால் 20 சதவீதம் கூட்டி 66,000. 90,000 என்று இருந்தால் "நமக்குக் கட்டுப்படியாகாது". அந்த வேலைக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று அந்த அறையில் யாரும் ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். இவரது சம்பளத்தை இவருடைய பழைய முதலாளி முடிவு செய்துவிட்டார், நாம் அதன்மேல் சதவீதம் போடுகிறோம், அவ்வளவுதான்.

கோவையில் பம்ப், மோட்டார், காஸ்டிங் செய்கிற கம்பெனிகளில் 20 வருடத்துக்கு மேல் ஹெச்.ஆர். வேலை பார்த்தவன் நான். 100 பேரிலிருந்து 500 பேர் வரை உள்ள இடங்கள். இந்தப் பழக்கம் எத்தனை நல்ல மேனேஜர்களை வெளியே அனுப்பியது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன், அதில் ஒருவரை இன்றுவரை மறக்க முடியவில்லை. மெயின்டனன்ஸ் மேனேஜர், 11 வருட சர்வீஸ். ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ படித்து மேலே வந்தவர். கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே பெல்ட் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வார். சம்பளம் 52,000. அந்த வருடம் வெளியிலிருந்து ஒரு புரொடக்‌ஷன் மேனேஜரை 78,000-க்கு எடுத்தோம், அதுவும் பே ஸ்லிப் பார்த்துச் சதவீதம் போட்டுத்தான். ஒரு நாள் ஸ்பேர் பார்ட்ஸ் இன்டென்ட் பிரின்ட் எடுக்கப் போனவர், பிரின்டர் தட்டில் யாரோ விட்டுப்போன சம்பளப் பட்டியலைப் பார்த்துவிட்டார். என்னிடம் வந்து சத்தம் போடவில்லை. அந்தத் தாளை நாலாக மடித்து என் மேஜையில் வைத்து, "சார், இது வெளியில கிடந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம் ராஜினாமா கடிதம் வந்தது. அவர் இடத்துக்கு ஆள் பிடிக்க நான்கு மாதம் ஆனது, கன்சல்டன்ட்டுக்கு ஒரு மாதச் சம்பளம் ஃபீஸ் போனது, வந்தவருக்கு 75,000 கொடுத்தோம். முன்பே கூப்பிட்டு 65,000 ஆக்கியிருந்தால் அவர் இருந்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

அதனால் இங்கே நான் சொல்லப் போகும் முறையில், வருகிறவருக்கு எவ்வளவு என்ற கேள்வி கடைசியில்தான் வரும். சின்ன, நடுத்தரக் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கீழே வரும் சம்பளத் தொகைகள் எல்லாம் கணக்குக்காகப் போட்டவை, உங்கள் ஊருக்கும் தொழிலுக்கும் மாறும்.

பதவியின் பெயரைப் பார்க்காதீர்கள், வேலையை எழுதுங்கள்

"புரொடக்‌ஷன் மேனேஜர்" என்ற ஒரே பெயரில் 40 பேர் வேலை செய்யும் பட்டறையிலும் ஆள் இருக்கிறார், மூன்று ஷிஃப்டில் 600 பேர் ஓடும் பிளான்ட்டிலும் இருக்கிறார். முன்னவர் மெட்டீரியல் வாங்குவதிலிருந்து லாரிக்குச் சொல்வது வரை எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்வார். பின்னவர் ஒரு லைனை மட்டும் பார்ப்பார், ஆனால் அது ஒரு மணி நேரம் நின்றால் கஸ்டமரின் அசெம்பிளியே நிற்கும். இரண்டு பேரின் சம்பளத்தையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டால் எந்த அர்த்தமும் இல்லை.

ஒரு பக்கத் தாள் போதும். அவருக்குக் கீழே எத்தனை பேர், எத்தனை ஷிஃப்ட், கான்ட்ராக்ட் ஆட்களும் அவர் பொறுப்பா? யாரையும் கேட்காமல் எவ்வளவு ரூபாய் வரை அவரே செலவு செய்யலாம்? கஸ்டமர் ஆடிட்டில் முன்னால் நின்று பதில் சொல்வது யார்? (வாகனத் துறையின் தரநிலையான ஐஏடிஎஃப் 16949-க்கான ஆடிட்டைத் தாங்கி நின்ற குவாலிட்டி மேனேஜருக்கும், வெர்னியரும் ரிஜெக்‌ஷன் டேக்கும் மட்டும் பார்த்தவருக்கும் சந்தையில் விலை வேறு, அதை மறுக்க முடியாது.) ராத்திரி 2 மணிக்கு இண்டக்‌ஷன் ஃபர்னஸ் நின்றால் யாருக்குப் போன் போகும்? இதையெல்லாம் எழுதும்போது முதலாளியையும் அந்த மேனேஜரையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கும்.

இன்னொன்றைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. தொழிற்சாலை இன்ஸ்பெக்டரேட்டுக்குக் கொடுக்கிற காகிதத்தில் "மேனேஜர்" என்று யார் பெயரைப் போட்டிருக்கிறீர்கள்? 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 92-ஆவது பிரிவில், விதிமீறல் என்றால் உரிமையாளர் தரப்போடு சேர்த்து அந்த மேனேஜருக்கும் 2 வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றுதான் எழுதியிருந்தது. பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டன, அதற்காக இந்தப் பொறுப்பு காற்றில் கரைந்துவிடவில்லை. ஒருவர் தன் பெயரைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு அந்த ஆபத்தைச் சுமக்கிறார். அவரிடம் அதை விளக்கிச் சொல்லி, அதற்கென்று தனியாக ஒரு தொகை கொடுங்கள், எதற்காக என்று கடிதத்திலும் எழுதுங்கள். கேட்காமலே பெயரைப் போட்டுவிட்டு, விபத்து நடந்த அன்றைக்குச் சொல்வது பெரிய அநியாயம்.

ஏணியைக் கீழிருந்து கட்டுங்கள்

மேனேஜர் சம்பளத்தைப் பேச வந்துவிட்டு ஆபரேட்டரைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று கேட்கலாம். மேனேஜர் சம்பளம் கெட்டுப்போவது பெரும்பாலும் கீழே இருந்துதான்.

ஒரு சி.என்.சி. ஆபரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 20,000. 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மாதம் 208 மணி நேரம், ஒரு மணிக்குச் சுமார் 96 ரூபாய். ஓ.டி. என்றால் சட்டப்படி இரண்டு மடங்கு, அதாவது 192. மாதம் 25 மணி நேரம் ஓ.டி. பார்த்தால் 4,800. ஆக 24,800. இவர் நல்ல ஆள் என்று சூப்பர்வைசர் ஆக்கி 24,500 கொடுக்கிறீர்கள். சூப்பர்வைசருக்கு ஓ.டி. கிடையாது. 21,000 தாண்டியதால் சட்டப்படியான போனஸ் கணக்கிலிருந்தும் வெளியே வந்துவிட்டார், அது குறைந்தபட்சம் 8.33 சதவீதம். அதே 21,000 எல்லைதான் இ.எஸ்.ஐ.-க்கும், அதனால் ஓடிக்கொண்டிருக்கும் ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அவர் குடும்பத்துக்கு இருந்த ஆஸ்பத்திரி வசதியும் போய்விடும். அப்பா டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிற ஒரு பையன் பிரமோஷன் வேண்டாம் என்று என்னிடம் சொன்னபோதுதான் இது எனக்கு முழுசாக உறைத்தது. அவனுக்குப் பொறுப்பு எடுக்கப் பிடிக்கவில்லை என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது சூப்பர்வைசரை 24,500-இல் வைத்தால் அவருக்கு மேல் இருக்கும் ஷிஃப்ட் இன்ஜினியர் 30,000-இல் நிற்பார், உதவி மேனேஜர் 38,000-இல், மேனேஜர் 50,000-இல். மொத்த ஏணியும் நசுங்கிக் கிடக்கும். வெளியிலிருந்து மேனேஜரை எடுக்கப் போனால் சந்தை 70,000 என்கிறது, அதைக் கொடுத்தால் உள்ளே இருக்கிற எல்லாக் கணக்கும் உடைகிறது.

நான் செய்வது இதுதான். ஒரு தாளில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு படியையும் எழுதுவேன், ஆபரேட்டர் படியில் மட்டும் ஓ.டி.யும் போனஸும் சேர்த்து அவர் கைக்கு உண்மையில் வருகிற தொகையைப் போடுவேன். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே குறைந்தது 25 சதவீதம் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பேன். மேலே போகப் போக இடைவெளி இன்னும் கூடவேண்டும். இது என் அனுபவத்தில் வந்த அளவு, சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் 10 சதவீத இடைவெளிக்கு யாரும் இரண்டு மடங்கு தலைவலியை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். 21,000-த்தைத் தாண்டுகிற படியில், கம்பெனி செலவில் குடும்ப மெடிக்கல் இன்ஷூரன்ஸ், முடிந்தால் பெற்றோரையும் சேர்த்து, கட்டாயம் போடுங்கள்.

யூனியன் இருக்கிற இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவுகளை வைத்து 12(3) என்றும் 18(1) என்றும் சொல்லிவந்த சம்பள ஒப்பந்தம் மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை போடுகிறோம். ஒரே கையெழுத்தில் தொழிலாளர் சம்பளம் பல ஆயிரம் ஏறும், அது நியாயமும்கூட. அதே வாரத்தில் சூப்பர்வைசர், மேனேஜர் ஏணியைத் திருத்தாவிட்டால் அடுத்த ஏப்ரல் வரை அவர்கள் நசுங்கிக் கிடப்பார்கள். ஒப்பந்தப் பேச்சில் கம்பெனி சார்பாக உட்கார்ந்து பேசியவர்களே அவர்கள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒப்பந்தத்துக்கான பட்ஜெட்டைப் போடும்போதே இந்தத் திருத்தத்துக்கும் சேர்த்துத் தொகை ஒதுக்கிவிடுங்கள்.

சந்தை என்றால் எந்தச் சந்தை?

ஓசூரில் கம்பெனி வைத்திருப்பவருக்கு ஓசூர் மட்டும் சந்தை கிடையாது. பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், நடுவிலேயே பொம்மசந்திரா, ஜிகணி, எலக்ட்ரானிக் சிட்டி எல்லாம் இருக்கின்றன. உங்கள் மேனேஜர் வீட்டை மாற்றாமலே வேலையை மாற்றிக்கொள்ளலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் என்றால் பக்கத்து காம்பவுண்டில் பன்னாட்டு கார் கம்பெனியோ எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியோ இருக்கும், ஏ.சி. பஸ், கேன்டீன் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் உங்களை ஒப்பிடுவார்கள். கோவையில் கதை கொஞ்சம் வேறு. சொந்த வீடு, வயதான அப்பா அம்மா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஊரை விட்டு நகர விரும்பாதவர்கள் நிறைய, அதனால் சென்னையைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டும் இருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டு ரொம்பவும் கீழே அழுத்தாதீர்கள், அரசூரிலிருந்து கிணத்துக்கடவுக்கு மாறுவதற்கு யாரும் ஊரை விட்டுப் போகவேண்டியதில்லை.

தகவல் எங்கே கிடைக்கும்? ஏயான், மெர்சர் மாதிரி பெரிய நிறுவனங்கள் சம்பள சர்வே விற்கின்றன, ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பெரிய கம்பெனிகளின் கணக்கு. 150 பேர் கம்பெனிக்கு அதை அப்படியே எடுத்துப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். வேலை தேடும் இணையதளங்களில் போட்டிருக்கும் தொகை ஆசைத் தொகை, கடைசியில் முடிந்த தொகை அதில் இருக்காது. எனக்கு அதிகம் உதவியது மூன்று இடங்கள். ஒன்று, நம் ஆஃபரை வேண்டாம் என்று சொன்னவர்கள்: போன் போட்டு மரியாதையாகக் கேட்டால் எங்கே, என்ன அளவில் சேர்ந்தோம் என்று பலரும் சொல்வார்கள். இரண்டு, நம்மை விட்டுப் போனவர்கள், வேலையை விட்டு ஆறு மாதம் கழித்துக் கேட்டால் உண்மையான பதில் வரும். மூன்று, தொழிலதிபர் சங்கக் கூட்டங்கள், அதாவது கோவையில் கொடிசியா, சீமா, ஓசூரில் ஹோஸ்டியா, அம்பத்தூரில் ஐமா. அங்கே மற்ற ஹெச்.ஆர். ஆட்களோடு பழகி வையுங்கள். எந்த அளவில் ஆள் கிடைக்கிறார் என்று பொதுவாகத் தெரிந்துகொள்வது ஒன்று, "இதற்கு மேல் யாரும் கொடுக்கக் கூடாது" என்று கூட்டாகப் பேசி வைப்பது வேறொன்று. இரண்டாவதில் சேராதீர்கள், அது தப்பு.

ஏழு தகவல் கிடைத்தது என்று வையுங்கள்: 58, 62, 65, 68, 72, 75 ஆயிரம், அப்புறம் ஒரு 1,40,000. கூட்டி ஏழால் வகுத்தால் 77,000 வரும். அந்த ஒரே ஒரு 1,40,000 மொத்தத்தையும் மேலே இழுத்துவிட்டது, அவர் அநேகமாக வேறு அளவு பிளான்ட்டைப் பார்ப்பவர். வரிசையாக அடுக்கி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள், 68,000. அதுதான் நீங்கள் நம்பக்கூடிய எண். ஏழுக்குக் குறைவாகத் தகவல் வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள், ஒரு வாரம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

வீச்சு

அந்த நடு எண்ணை 70,000 என்று முழுதாக்கிக்கொண்டு, 20 சதவீதம் கீழே, 20 சதவீதம் மேலே: 56,000 முதல் 84,000 வரை. இதுதான் அந்த வேலைக்கான சம்பள வீச்சு. புதிதாகப் பிரமோஷன் ஆகி வந்தவர் கீழ்ப் பகுதியில், வேலையை முழுசாகத் தனியாகச் சமாளிப்பவர் 70,000-ஐ ஒட்டி, சொல்லாமலே மற்றவர்களையும் தூக்கி நிறுத்துபவர் மேல் பகுதியில். 84,000-ஐத் தொட்டுவிட்டார் என்றால் வேலையைப் பெரிதாக்கி அடுத்த படிக்கு அனுப்புங்கள். டை காஸ்டிங், டூல் ரூம் மாதிரி ஆள் கிடைக்காத துறைகளில் நடு எண்ணே போதாது, சந்தையில் மேலே இருக்கிற கால்வாசிப் பேரைப் பார்த்து வீச்சைப் போடுங்கள். எல்லாத் துறைக்கும் அப்படிக் கொடுக்கப் பணம் இருக்காது. எந்த இரண்டு இருக்கை காலியானால் உங்கள் கம்பெனி நிற்கும் என்று யோசித்து, அங்கே மட்டும் கொடுங்கள்.

மாதம் ஒரு லட்சம் என்றால் கையில் எவ்வளவு?

"12 லட்சம் சிடிசி" (அவருக்காகக் கம்பெனிக்கு வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று ஆஃபர் கொடுக்கிறோம், வீட்டில் அவர் மாதம் ஒரு லட்சம் என்று சொல்லிவிடுகிறார், முதல் மாதச் சம்பளம் வந்ததும் முகம் மாறுகிறது. கணக்கைப் பாருங்கள். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) பாதி, அதாவது மாதம் 50,000. கம்பெனி பங்கு பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம், வருடத்துக்கு 72,000. கிராஜுட்டிக்கு 4.81 சதவீதம், சுமார் 28,900. வருடக் கடைசியில் வரும் ஊக்கத்தொகை 1,20,000. இதையெல்லாம் கழித்து 12-ஆல் வகுத்தால் சுமார் 81,600. அதில் அவர் பங்கு பி.எஃப். 6,000 போனால் 75,600, அப்புறம் தொழில் வரி என்று ஒரு சின்னத் தொகை. 75,000-க்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் கைக்கு வரும். இந்தக் கணக்கை ஆஃபர் லெட்டரோடு ஒரு தாளாக இணைத்துக் கொடுங்கள், நம்பிக்கை அங்கேதான் தொடங்குகிறது. கிராஜுட்டியை சிடிசிக்குள் போடாமல் வெளியே வைப்பதே எனக்குப் பிடிக்கும், ஐந்து வருடம் இருந்தால்தான் கிடைக்கும் என்கிற பணத்தை இன்றைய சம்பளமாகக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பேசிக்கை 30 சதவீதத்தில் வைத்து மீதியை ஸ்பெஷல் அலவன்ஸ், கன்வேயன்ஸ் என்று பிரிக்கிற பழைய வழக்கம் இனி உதவாது. 2019-ஆம் வருட ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலக்கு அளிக்கப்பட்ட அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியக் கணக்கில் திரும்பச் சேர்ந்துவிடும். கிராஜுட்டி கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்துப் போடுவது என்பதால் பழைய சர்வீஸுக்கும் சேர்ந்து ஏறும். 12 வருடம் ஆன ஒருவருக்கு மாத ஊதியம் 30,000 என்ற கணக்கில் சுமார் 2,07,700 வரவேண்டியது, அந்த ஊதியம் 45,000 ஆனால் சுமார் 3,11,500. மேனேஜர்கள் எல்லாருக்கும் இந்தக் கணக்கைப் போட்டு, ஆடிட்டரிடம் பேசிப் பணத்தை ஒதுக்கிவிடுங்கள்.

வருமான வரியிலும் நிலைமை மாறிவிட்டது. 2025-26 முதல் புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரியே இல்லை, அதனால் பெரும்பாலான நடுத்தரக் கம்பெனி மேனேஜர்கள் அந்த முறைக்கே போகிறார்கள், அங்கே வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு கிடையாது. பத்துப் பெயரில் சம்பளத்தைப் பிரித்து, பில் கேட்டு அலைக்கழிப்பதில் இனி யாருக்கும் லாபம் இல்லை. 13 லட்சத்தைத் தாண்டுகிறவர்களுக்கு ஒன்று செய்யலாம்: கம்பெனி அவர் பெயரில் என்.பி.எஸ்.ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கட்டுகிற தொகைக்கு, பேசிக்கில் 14 சதவீதம் வரை, புதிய முறையிலும் கழிவு உண்டு. விருப்பம் கேட்டுச் செய்யுங்கள், 30 வயதுக்காரருக்கு வீட்டுக்கடன்தான் முக்கியமாக இருக்கும்.

ஊக்கத்தொகை: எதற்குக் கொடுக்கிறீர்களோ அதுதான் நடக்கும்

ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு மாத டிஸ்பாட்ச் மதிப்பை வைத்து ஊக்கத்தொகை போட்டிருந்தார்கள். 31-ஆம் தேதி ராத்திரி 11 மணிக்குக் கேட்டில் மூன்று லாரி நிற்கும். இம்பெல்லர் பாலன்சிங் பார்க்கவேண்டிய பம்ப்கள் பார்க்காமலே பெட்டிக்குள் போகும், பெயின்ட் காயாத பாடியில் விரல் ரேகை பதிந்திருக்கும். அடுத்த மாதம் 9, 10-ஆம் தேதியில் அதில் பாதி திரும்பி வரும். மேனேஜர் கெட்டவர் இல்லை. கம்பெனி எதற்குப் பணம் கொடுத்ததோ அதைத்தான் அவர் செய்தார்.

அதற்குப் பிறகு நான் எப்போதும் இரண்டு எதிர் எடைகளைச் சேர்த்தே வைப்பேன். டிஸ்பாட்ச் வைத்தால் கூடவே கஸ்டமர் ரிஜெக்‌ஷன், மெயின்டனன்ஸுக்கு மெஷின் நிற்கும் நேரம் வைத்தால் கூடவே திட்டமிட்ட சர்வீஸ் முடிந்ததா என்ற கணக்கு, பர்ச்சேஸுக்கு விலைக் குறைப்பு வைத்தால் கூடவே லைன் மெட்டீரியல் இல்லாமல் நின்ற மணி நேரம். மூன்றுக்கு மேல் அளவுகோல் வேண்டாம், நாலாவதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மேனேஜர் அளவில் மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதம் போதும், பிளான்ட் ஹெட் என்றால் 20 வரை போகலாம். அதற்கு மேல் போட்டால் வீட்டு பட்ஜெட்டே ஆடிப்போகும், பயத்தில் எடுக்கிற முடிவுகள்தான் நடக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். "விபத்து பூஜ்ஜியம் என்றால் இவ்வளவு பணம்" என்று எழுதவே எழுதாதீர்கள். விபத்து குறையாது, விபத்துப் பதிவேடுதான் காலியாகும். விரல் நசுங்கியவரை வெளி டாக்டரிடம் அனுப்பி, லீவு என்று போட்டுவிடுவார்கள். அதற்குப் பதிலாக, விபத்தாகாமல் நூலிழையில் தப்பிய சம்பவங்களை எத்தனை எழுதி வைத்தார், அதில் எத்தனையைச் சரிசெய்தார் என்பதற்குக் கொடுங்கள், பிரஸ் மெஷினில் கை சிக்காமல் இருக்கப் பாதுகாப்புத் தடுப்பு போட்டதற்குக் கொடுங்கள்.

எப்போது கொடுப்பது என்பதும் சம்பளத்தில் ஒரு பகுதிதான். மே மாதத்தில் கொடுத்தால் பள்ளிக்கூட ஃபீஸுக்கு ஆகும், அந்த ஒரு மாதத்தில் மேனேஜர்கள் கடன் கேட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்குச் சட்டப்படி அவர்களுக்குப் போனஸ் இல்லாவிட்டாலும், ஆபரேட்டர் கையில் கவர் வாங்கிக்கொண்டு போகிற நாளில் மேனேஜர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. ஒரு மாதச் சம்பளம் முடியாவிட்டால் பாதியாவது கொடுங்கள்.

ஏற்கெனவே இருப்பவர்கள் முதலில்

வீச்சு தயாரானதும் உங்கள் கை தானாகவே காலியிடப் பட்டியலுக்குப் போகும். பொறுங்கள். இப்போது இருக்கிற மேனேஜர்கள் எல்லாரையும் அந்த வீச்சில் ஒரு புள்ளியாக வையுங்கள். கீழ் எல்லைக்கும் கீழே கிடப்பவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் அது சர்வீஸ் அதிகம் ஆனவர்கள், உள்ளேயே வளர்ந்தவர்கள், அப்புறம் குழந்தைக்காக இரண்டு மூன்று வருடம் வேலையை விட்டுத் திரும்பி வந்த பெண்கள். அவர்கள் குறைவாக வாங்குவதற்கு வேலையில் எந்தக் காரணமும் இருக்காது, எப்போதோ ஒரு பே ஸ்லிப்பில் இருந்த எண்ணை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார்கள். ஒரே வேலைக்கு ஆண் பெண் என்று சம்பளத்தில் வித்தியாசம் காட்டுவது 1976 முதலே சட்டத்துக்கு எதிரானது, ஊதியத் தொகுப்பிலும் அந்தத் தடை தொடர்கிறது.

ஒரே தடவையில் எல்லாரையும் தூக்கப் பணம் இல்லையென்றால் இரண்டு தவணையாகச் செய்யுங்கள். ஆனால் கீழ் எல்லைக்கு வந்து சேர்வது முதல் தவணையிலேயே நடக்கட்டும். முதலாளி தயங்குவார். அவரிடம் நியாயம் பேசுவதோடு கணக்கையும் காட்டுங்கள்: 52,000 வாங்குகிறவரை 65,000 ஆக்கினால் வருடத்துக்கு 1,56,000 அதிகம். அவர் போய்விட்டால் புது ஆளுக்கு மாதம் 23,000 கூடுதல், வருடத்துக்கு 2,76,000, கன்சல்டன்ட்டுக்கு 75,000, நான்கு மாதம் ஆள் இல்லாமல் மெஷின் நின்ற கணக்கு தனி. நான் இப்படி எழுதிக் காட்டிய எந்த முதலாளியும் முடியாது என்று சொன்னதில்லை.

வருடாந்திர இன்கிரிமென்ட்டோடு இந்தத் திருத்தத்தைக் கலக்காதீர்கள். "உங்களுக்கு 25 சதவீதம் போட்டிருக்கோம்" என்றால் அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார், அடுத்த வருடம் 8 சதவீதம் வரும்போது மனசு உடையும். இது திருத்தம், இது இன்கிரிமென்ட் என்று இரண்டு வரியாக எழுதிக் கொடுங்கள்.

வருகிறவரிடம் பேசும்போது

இப்போதுதான் இன்டர்வியூ அறைக்குத் திரும்புகிறோம். முதல் போன் காலிலேயே வீச்சைச் சொல்லிவிடுங்கள்: "இந்த வேலைக்கு நாங்க வெச்சிருக்கறது 56-லிருந்து 84 வரை, கைக்கு எவ்வளவு வரும்னும் சொல்றேன்." ஒத்துவராதவர் அங்கேயே விலகிக்கொள்வார், இரண்டு பேருக்கும் ஒரு நாள் மிச்சம். பழைய சம்பளத்தைக் கேட்காதீர்கள். குடும்பக் கம்பெனியில் 12 வருடம் விசுவாசமாக 45,000-க்கு உழைத்தவர் உங்கள் வேலையை 70,000 மதிப்புக்குச் செய்வார் என்றால் 70,000 கொடுங்கள். 54,000-க்குக் கிடைத்தார் என்று சந்தோஷப்பட்டால், ஆறு மாதத்தில் பக்கத்து டேபிள்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று டீ குடிக்கிற இடத்தில் தெரிந்துவிடும். அவர் வீச்சுக்கு மேலே கேட்கிறார், ஆளும் நிஜமாகவே வேண்டும் என்றால், அவருக்காக மட்டும் வளைக்காமல் வீச்சே தவறா என்று பாருங்கள். தவறு என்றால் எல்லாருக்கும் மாற்றுங்கள்.

நோட்டீஸ் கொடுத்துவிட்ட ஆளைப் பிடித்து வைக்க 30 சதவீதம் கூட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். அந்தப் பணம் போன மாதமே இருந்ததுதானே என்று அவரும் யோசிப்பார், மற்ற மேனேஜர்களும் யோசிப்பார்கள்.

கடைசியாக, திருத்தக் கடிதத்தை மெயிலில் அனுப்பாதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாக அறைக்குள் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, வீச்சுத் தாளை மேஜைமேல் விரித்து, "நீங்க இங்க இருந்தீங்க, இங்க வந்திருக்கணும், இவ்வளவு நாள் நாங்க பார்க்கல" என்று சொல்லிவிட்டுக் கையில் கொடுங்கள். கடிதத்தில் ஏப்ரல் 1 என்று தேதி போட்டிருந்தால் ஏப்ரல் சம்பளத்திலேயே பணம் ஏறியிருக்கவேண்டும், ஜூனில் அரியராகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுக்கக் கூடாது. அப்புறம், பிரின்ட் எடுத்த பட்டியலை உடனே பிரின்டர் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.